டெங்கியா, மீனின் வரிகளா: கணித உயிரியலில் எதை எடுக்கலாம்?

உயிர்களில் நடப்பதைக் கணக்கால் விளக்கும் கணித உயிரியல் படிக்கிறேன் என்றால் அடுத்த கேள்வி, அதில் எது? நோய் பரவலா, நரம்பணுவா, விலங்கின் உடலில் வரிகள் தோன்றுவதா? சிங்கப்பூரில் முதுநிலை ஆய்வுக்கு நான் டெங்கியை எடுத்தேன், அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

தேவையான கணக்கு இவை எல்லாவற்றிலும், மாற்றத்தின் வேகத்தைச் சொல்லும் வகைக்கெழுச் சமன்பாடுதான். கணினிச் செலவும் பெரிதாக வேறுபடாது. நரம்பணு பக்கம், அதில் மின்குறிப்பு எப்படி எழுகிறது என்று ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் தந்த சமன்பாடுகள் இன்றும் பாடத்தில் இருக்கின்றன. அதில் ஒரு பாடம் மட்டுமே எடுத்தவன் நான், தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

டெங்கிக்குப் போட்டியாக எனக்கு இருந்தது, கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங் தந்த கணக்குதான். வேதிப்பொருள்கள் இரண்டு ஒன்றோடொன்று வினைபுரிந்து வெவ்வேறு வேகத்தில் பரவினால், ஒன்றுமில்லாத பரப்பில் வரிகளும் புள்ளிகளும் தாமாகவே தோன்றும் என்று 1952இல் எழுதினார். அழகு என்றால் இதுதான் அழகு. ஆனால் சரிபார்ப்பது எப்படி? கடல்மீன் ஒன்றின் வரிகள் அவர் சமன்பாடு சொல்வதுபோல நகர்வதை ஜப்பானில் காட்டியது 1995இல்! மீன் வளர்க்க ஆய்வுக்கூடம் வேண்டும், கூட்டாளி வேண்டும், பொறுமை வேண்டும்.

டெங்கியில் இந்தச் சிக்கல் குறைவு, எனக்கு முடிவைத் தந்ததும் இதுதான். வாரத்துக்கு எத்தனை பேருக்கு டெங்கி என்ற எண்ணிக்கை இங்கே பொதுவில் கிடைக்கிறது. கணிப்பு தப்பினால் சில வாரங்களில் தெரிந்துவிடும். 2020இல் 35,000க்கும் மேற்பட்டோருக்குக் கண்டது; எல்லாரும் வீட்டில் அடைந்திருந்த அந்த ஆண்டின் வரைபடத்தை, நோய் பரவுவதைக் கணிக்கும் எந்தக் கணித மாதிரியாலும் சும்மா கடந்துபோக முடியாது. 2016 முதல் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள ஆண் கொசுக்களையும் விடுகிறார்கள். அவற்றோடு சேரும், அந்த பாக்டீரியா இல்லாத பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளுக்கு நடுவே நடக்கும் பெரிய சோதனை, மாதிரி எழுதுபவனுக்குச் செலவில்லை.

கணக்கும் சாதாரணமில்லை. நோயாளியைக் கடித்த கொசுவுக்குள் கிருமி முற்ற ஏறக்குறைய 10 நாள் ஆகும்; அதுவரை உயிரோடு இருந்தால்தான் அது நோயைப் பரப்பும். கொசு ஒரு நாளைத் தாண்டும் வாய்ப்பு 90 விழுக்காடு என்றால் 10 நாள் தாண்டுபவை 35 விழுக்காடு. 80 ஆகக் குறைத்தால் 11தான். மலேரியாவுக்கு ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் தொடங்கி ஜார்ஜ் மெக்டானல்ட் வளர்த்த கணக்கு இது.

குறையும் உண்டு. பலருக்கு அறிகுறியே தெரியாது, அதனால் பதிவான எண் முழு உண்மையல்ல. டெங்கியின் நான்கு வகைக் கிருமிகளையும் ஒன்றாகச் சேர்த்து மாதிரி அமைப்பதில் எனக்கு அனுபவம் குறைவு.

மீன் தொட்டி வைத்திருக்கும் பேராசிரியர் யாராவது உங்களைச் சேர்த்துக்கொள்ளத் தயார் என்றால், சரி, டூரிங்கை எடுங்கள். தொட்டி யார் பராமரிப்பு என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.