குழியா, க்ளோஸ்டு லூப்பா: ரிக் கழிவுக்கு நாங்கள் எடுத்த முடிவு

ஆறு எண்ணெய்-எரிவாயுக் கிணறுகள் தோண்ட வேண்டிய ஒரு வேலை. திட்டம் போட உட்கார்ந்தபோது முதலில் வந்த கேள்வி, துளையிடும்போது வெளிவரும் கழிவை என்ன செய்வது என்பதுதான். ரிக் எனும் துளையிடும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே பெரிய குழி வெட்டி, பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, அதில் விட்டுவிடலாம். அல்லது குழியே வெட்டாமல், எல்லாவற்றையும் இரும்புத் தொட்டிகளுக்குள்ளேயே சுற்றவிட்டு, பிரிந்து வரும் கழிவை மட்டும் ‘பின்’ எனும் பெரிய பெட்டிகளில் பிடித்து லாரியில் அனுப்பலாம். இந்த இரண்டாவது ஏற்பாட்டைத்தான் க்ளோஸ்டு லூப் என்பார்கள். சேவை நிறுவனத்தில் சுற்றுச்சூழல் பொறுப்பு என்னுடையது. நான் க்ளோஸ்டு லூப்புக்காக வாதாடினேன், அதுவே முடிவானது. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அன்று நான் அடுக்கிய காரணங்களைவிட, அன்று பேசவே பேசாத ஒரு விஷயம்தான் முக்கியம் என்று வேலை முடிந்த பிறகு தெரிந்தது.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கிணறு தோண்டும்போது ‘மட்’ எனும் குழம்பைக் குழாய் வழியாக உள்ளே செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரில் பென்டோனைட் களிமண், எடை கூட்ட பேரைட், இன்னும் சில ரசாயனங்கள் கலந்தது அது. துளைமுனையைக் குளிர்விக்கும், பூமிக்கு அடியிலிருந்து மேலே தள்ளும் அழுத்தத்தைத் தாங்கும், உடைந்த பாறைத் துண்டுகளை மேலே கொண்டுவரும். அந்தத் துண்டுகளுக்குத்தான் கட்டிங்ஸ் என்று பெயர். மேலே வந்த மட்டிலிருந்து கட்டிங்ஸைப் பிரித்துவிட்டு மட்டைத் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். இந்தப் பிரிக்கும் வேலை எவ்வளவு சுத்தமாக நடக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குழிக்கு எதிராகச் சொல்லப்படும் வழக்கமான காரணங்கள் எல்லாம் உண்மைதான். விரிப்பு கிழிந்தால் நிலத்தடி நீருக்குள் உப்பு இறங்கும். மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் தண்ணீர் என்று நினைத்துப் பறவைகள் வந்து இறங்கி ஒட்டிக்கொண்டு சாகும். மழை பெய்தால் அதுவும் கழிவாகிவிடும்: 40 மீட்டருக்கு 30 மீட்டர் குழியில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 120 கன மீட்டர் நல்ல தண்ணீர் கெட்டுப்போகிறது. ரிக் போன பிறகும் குழி அங்கேயே காய்ந்துகொண்டிருக்கும், மூடும் வரை ஒருவர் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 2008-ல் குழிகளுக்குக் கடுமையான விதி கொண்டுவந்து, 2013-ல் அதைத் தளர்த்தியது. அரசுகளே இதில் ஒரே நிலையில் நின்றதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

குழிக்குச் சாதகமானதையும் மறைக்கக் கூடாது. நாள் வாடகை கிடையாது, சாதனம் குறைவு, மின்சாரம் குறைவு. க்ளோஸ்டு லூப்பில், மட்டை வேகமாகச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ், பம்புகள், கன்வேயர் எல்லாம் சேர்ந்து 75 கிலோவாட் நாள் முழுக்க இழுத்தால் 1800 யூனிட் ஆகிறது. ஜெனரேட்டரில் அதற்கு 500 லிட்டருக்கு மேல் டீசல் எரியும். லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.4 டன். மண்ணைக் காப்பாற்றக் காற்றில் விடுகிறோமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்று என்னிடம் நல்ல பதில் இல்லை.

பதில் இரண்டாவது கிணற்றில் கிடைத்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

12¼ அங்குலத் துளையை 1000 மீட்டர் தோண்டினால் 76 கன மீட்டர் பாறை வெளியே வர வேண்டும். துளை சரிந்து அகலமானால் இன்னும் கூடும், அதை விடுங்கள். இதில் பாதியை மட்டுமே சாதனங்கள் பிரித்தெடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மீதி 38 கன மீட்டர் பொடிப்பொடியாக மட்டிலேயே தங்கிவிடும். மட்டில் இப்படித் தங்கும் பாறைத்தூள் 5 சதவீதத்தைத் தாண்டிப் போனால் சிக்கல் தொடங்கும்: மட் கெட்டியாகும், துளையிடும் வேகம் குறையும், பம்பின் உள்ளுறையான லைனர் தேயும், குழாய் உள்ளே மாட்டிக்கொள்ளும் அபாயம் கூடும். ஆகவே தண்ணீரும் ரசாயனமும் சேர்த்து மட்டை நீர்க்கச் செய்வார்கள். 38 கன மீட்டர் தூள் 5 சதவீதமாக இருக்க வேண்டுமென்றால் மொத்த மட் 760 கன மீட்டர் ஆக வேண்டும். அதாவது 720 கன மீட்டருக்கு மேல் புதிதாகக் கலக்க வேண்டும். தொட்டிகளில் இடம் இருக்காது, அதே அளவுக்குப் பழைய மட்டை வெளியே கொட்ட வேண்டும்.

சாதனங்கள் 80 சதவீதம் பிரித்தால்? மொத்தத் தேவை 304 கன மீட்டராக இறங்கும். 90 சதவீதம் பிரித்தால் 152. ஏற்கெனவே சுற்றில் இருக்கும் மட்டை இதில் கழித்துக்கொள்ளலாம், இது காகிதக் கணக்குதான். ஆனாலும் பாதிக்கும் 90-க்கும் நடுவில் 600 கன மீட்டர் வித்தியாசம். 20 கன மீட்டர் டேங்கரில் 30 நடை தண்ணீர் வர வேண்டாம். 30 நடை கழிவு போக வேண்டாம். எரியும் டீசலைப் பற்றிய அந்தக் கேள்விக்கு இதுதான் என் பதில்.

குழி இருக்கும் ரிக்கில் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. அங்கே வேலை செய்பவர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்லவில்லை. கொட்டுவதற்கு இடம் இருக்கிறது, கொட்டியது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். க்ளோஸ்டு லூப்பில் ஒவ்வொரு பின்னும் நிறையும்போது ஒருவர் எழுதியாக வேண்டும், லாரி கூப்பிட்டாக வேண்டும்.

ஆனால் சாதனத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் 90 சதவீதம் தானாக வந்துவிடாது. இதைத்தான் நான் அன்று பேசாமல் விட்டேன்.

இரண்டாவது கிணற்றில் ஒரு இரவு. பின்கள் வழக்கத்தைவிட வேகமாக நிறைந்துகொண்டிருந்தன, உள்ளே இருந்தது கஞ்சி மாதிரி ஓடியது. ஷேல் ஷேக்கரிடம் போனேன். மட்டைச் சல்லடைகள் மேல் அதிரவைத்து முதலில் வடிகட்டும் இயந்திரம் அது. கடைசிச் சல்லடையில் விரல் நீளத்துக்குக் கிழிசல். அதன் கீழே விழும் மட்டைக் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்தால் நறநறவென்றது. நல்ல மட் சோப்பு மாதிரி வழுக்க வேண்டும். ஷேக்கரில் நின்ற பையன், “சார், கிழிஞ்சு ரெண்டு கனெக்ஷன் ஆச்சு. மாத்துறதுக்கு ஸ்பேர் தீர்ந்துபோச்சு” என்றான். குழாய் சேர்க்க நிறுத்துவதைத்தான் கனெக்ஷன் என்பார்கள். பக்கத்துச் சல்லடையும் அடைத்துப்போயிருந்தது. அதனால் நல்ல மட் வடியாமல் கட்டிங்ஸோடு சேர்ந்து வழிந்து பின்னுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இழப்பு: கிழிசல் வழியாகத் தூள் மட்டுக்குள் போகிறது, அடைப்பின் மேலாக மட் கழிவுக்குள் போகிறது.

சல்லடையில் தப்பியதைப் பின்னால் இருக்கும் சென்ட்ரிஃபியூஜ் பிடித்துக்கொள்ளும் என்றுதான் நிறையப் பேர் நம்புகிறார்கள். ஓரளவுக்குத்தான் பிடிக்கும். மட் முழுவதும் அதன் வழியாகப் போவதில்லை, ஒரு சிறு பங்குதான் போகும். அதற்குள் தப்பிய துண்டு பம்பிலும் துளைமுனையிலும் மறுபடி மறுபடி அரைபடும். 100 மைக்ரான் துகள் ஒன்று 10 மைக்ரான் துகள்களாக உடைந்தால் ஒன்று ஆயிரமாகிறது, மேற்பரப்பு பத்து மடங்காகிறது. சென்ட்ரிஃபியூஜ்கூட 2 முதல் 5 மைக்ரானுக்குக் கீழே போனதை விட்டுவிடும். அப்புறம் அதை இந்தச் சாதனங்களால் மட்டிலிருந்து எடுக்க முடியாது, தண்ணீர் ஊற்றிக் கலப்பதுதான் வழக்கமான வழி. முதல் சுற்றில் சல்லடையில் பிடித்தால் உண்டு.

மூன்றாவது கிணற்றிலிருந்து நாங்கள் மாற்றியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஷேக்கரை மட்டுமே பார்க்க ஒரு ஆள். குழாய் சேர்க்க நிறுத்தும் ஒவ்வொரு முறையும் சல்லடையைக் கழுவி, டார்ச் அடித்துப் பார்ப்பது. ஒவ்வொரு அளவிலும் இரண்டு முழு செட் ஸ்பேர். மட்டைச் சூடாக்கித் திடப்பொருள் எவ்வளவு என்று பார்க்கும் ரிடார்ட் சோதனையை ஷிஃப்டுக்கு இரண்டு தடவை செய்து, அந்த எண்ணை, ரிக்கை இயக்கும் ட்ரில்லரின் கேபினிலேயே எழுதி ஒட்டுவது. அதுவரை அது ஆய்வகத்துக்கும் மட் இன்ஜினியருக்கும் மட்டும் தெரிந்த எண்ணாக இருந்தது. நாலாவது கிணற்றில் பின் நிறையும் வேகம் குறைந்ததை லாரிக்காரர்களே கவனித்துக் கேட்டார்கள்.

சரி, எல்லா இடத்திலும் க்ளோஸ்டு லூப்தானா? ஆழமில்லாத ஒரே ஒரு கிணறு, வறண்ட நிலம், நிலத்தடி நீர் மிக ஆழத்தில், மட்டில் பென்டோனைட்டும் நன்னீரும் மட்டும் என்றால், விதி அனுமதிக்கும் பட்சத்தில் நல்ல விரிப்பு போட்ட சிறு குழியை நான் எதிர்க்க மாட்டேன். அங்கே நீர்க்கச் செய்யும் அளவே குறைவு. உறைபனி விழும் இடங்களில் நான் வேலை பார்த்ததில்லை, அங்கே தொட்டியும் பம்பும் எப்படிப் படுத்தும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. தண்ணீருக்குப் பதில் எண்ணெயில் கலக்கும் ஆயில் பேஸ்டு மட்டில் எனக்கு ஒரே ஒரு கிணற்று அனுபவம்தான். ஆனால் அதில் குழியை நினைத்தே பார்க்கக் கூடாது என்பதில் சந்தேகமில்லை. வடகிழக்கு அட்லாண்டிக் கடல் பகுதிக்கான ஆஸ்பார் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு முடிவின்படி, எடையில் 1 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் ஒட்டிய கட்டிங்ஸைக் கடலில் கொட்ட முடியாது. நிலத்தில் மட்டும் அதைவிடத் தளர்வாக ஏன் இருக்க வேண்டும்?

இப்போது இந்த முடிவில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தில் க்ளோஸ்டு லூப் என்ற இரண்டு சொல்லை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஸ்பேர் சல்லடை எத்தனை செட், யார் பொறுப்பு, ரிடார்ட் எண் எத்தனையைத் தாண்டினால் துளையிடும் வேகத்தைக் குறைப்பது, அதைச் சொல்லும் அதிகாரம் இரவு ஷிஃப்டில் யாருக்கு, இந்த நான்கையும் எழுதி வாங்குங்கள். எங்கள் முதல் ஒப்பந்தத்தில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.