"பித்தளை" என்று சொல்லி மாட்டிவிட்டுப் போகும் ஆங்கிள் காக்: ஜாக்கிரதை

மேடவாக்கம் பக்கம் போர் தண்ணீரில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்குக் குழாயில் உப்புப் பூப்பது புதிதல்ல. எங்கள் வாஷ்பேசினுக்கு அடியில், சுவரிலிருந்து வரும் தண்ணீரை மூடித் திறக்கும் ஆங்கிள் காக்கிலும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, நட் ஓரத்தில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. தெருமுனை ஹார்டுவேர் கடையில் சொல்லி ஒரு பிளம்பரை வரவழைத்தோம்.

அவர் சுரண்டிக்கூடப் பார்க்கவில்லை. "அரிச்சுப்போச்சு சார், மாத்தியே ஆகணும்" என்றார். மறுநாள் புதியதைக் கொண்டுவந்தபோதே மரையில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தது. தந்திரமே அதில்தான், மரையில் உலோகத்தின் நிறம் தெரியாது. பித்தளை விலையை வாங்கிக்கொண்டு, பழையதையும் பையில் போட்டுக்கொண்டு போனார். பில் கிடையாது.

வருஷம் திரும்பவில்லை. ஒரு நாள் காலையில் மூடுவதற்காகத் திருப்பினால், காக் கழுத்தோடு ஒடிந்து கையில் வந்துவிட்டது. மாடி டேங்க் வால்வை மூடுவதற்குள் ஹால் வரை தண்ணீர். ஒடிந்த இடம் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பித்தளையாக இருந்தால் மஞ்சளாக அல்லவா இருக்கும்? இது துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே குரோம் பூசிய சரக்கு. மரைத் துண்டு சுவருக்குள் மாட்டிக்கொண்டதால் டைல்ஸை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பிளம்பர் போனை எடுப்பதில்லை. கடைக்காரரோ, "நான் ஆளைத்தானே காட்டினேன்" என்கிறார்.

மேலே பூத்திருப்பதைப் பார்த்து மட்டும் காக் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளை பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு. பச்சை, பித்தளையில் இருக்கும் செம்பிலிருந்து வருவது. வினிகர் நனைத்த துணியைச் சற்று நேரம் சுற்றிவைத்துத் தேய்த்துக் கழுவினால் உள்ளே என்ன நிலைமை என்று தெரிந்துவிடும். பாத்ரூம் ஆசிட் வேண்டாம், குரோமையே தின்றுவிடும்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், டேப் சுற்றும் முன் கையில் வாங்கி உள்துளையைப் பாருங்கள், மஞ்சள் தெரிய வேண்டும். காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, பித்தளை, துத்தநாகக் கலவை இரண்டிலுமே ஒட்டாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 8931 என்ற தர எண் இருக்கிறதா பாருங்கள், பில்லில் பித்தளை என்று எழுதி வாங்குங்கள். அப்புறம், கழற்றிய பழசை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பித்தளைக்குக் காயலாங்கடையில் நல்ல விலை உண்டு, அது பிளம்பருக்கும் தெரியும்.