வெளிக்காற்று இழுக்கும் எஞ்சின்: ஸ்கேனர், வேக்கம் கேஜ், புகை மெஷின் – நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நடுங்குகிறது. ஆர்பிஎம் முள் 600க்கும் 1000க்கும் நடுவில் ஊசலாடுகிறது. கிளம்பி வேகமெடுத்ததும் ஒன்றுமே இல்லாதது போல் ஓடுகிறது. பெட்ரோல் காரில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அனுபவமுள்ள மெக்கானிக் சொல்வது, "எங்கேயோ ஏர் இழுக்குது" என்பதுதான். அதாவது எஞ்சினின் காற்றுப் பாதையில் உள்ள ஓட்டை வழியாக வெளிக்காற்று நுழைகிறது (வேக்கம் லீக்). பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். சிக்கல் அந்த 'எங்கேயோ'வில் இருக்கிறது. பிளக், காயில், திராட்டில் பாடி சுத்தம் என்று பணம் கரைந்த பிறகும் நடுக்கம் அப்படியே இருப்பதற்குக் காரணம், லீக் இருக்கிறதா என்பதையும் எங்கே இருக்கிறது என்பதையும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்வதுதான். முதல் கேள்விக்கு ஸ்கேனர் (எஞ்சின் கணினியின் எண்களைப் படிக்கும் கருவி), இரண்டாவதற்குப் புகை. இந்த வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும்.

முதலில் ஸ்கேனர். காரின் ஓபிடி போர்ட்டில் செருகி போனில் எண்களைப் பார்க்க உதவும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஈஎல்எம்327 நகல் புளூடூத் அடாப்டரே இந்த வேலைக்குப் போதும். எண்களைப் புதுப்பிப்பதில் அது மந்தம் என்பதால், ஷார்ட் டெர்ம் ஃபியூயல் டிரிம், லாங் டெர்ம் டிரிம், ஆர்பிஎம், மாஃப் (உள்ளே வரும் காற்றின் அளவு) அல்லது மேப் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் மேனிஃபோல்டு குழாயின் அழுத்தம்) என நான்கே அளவுகளைத் திரையில் வைத்தால் பார்க்கும்படி ஓடும். பத்து அளவுகளைத் தேர்ந்தெடுத்தால் எண்கள் திக்கித் திக்கி வரும். வேலை முடிந்ததும் போர்ட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். நாள்கணக்கில் செருகியே விட்டால் நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரியைக் குடிக்கும்.

ஃபியூயல் டிரிம் என்பது ஈசியூ (எஞ்சினின் கணினி) தான் கணக்கிட்ட பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைக் காட்டும் எண். பார்க்கும் முறை எளிது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரட்டும், ஏசி அணைந்திருக்கட்டும். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில்) இரண்டு டிரிம்களையும் கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்துவைத்து மறுபடி குறியுங்கள். ஐடிலில் +25, 2500-ல் +6 என்று இறங்கினால் அது வேக்கம் லீக்கின் கையெழுத்து. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஐடிலில் மாஃப் சென்சார் வழியாக வினாடிக்கு 2 கிராம் காற்று வருகிறது, விரிசல் வழியாக 0.5 கிராம் திருட்டுத்தனமாக நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈசியூவுக்குத் தெரிந்தது 2 மட்டுமே. ஆகவே கால் பங்கு பெட்ரோலை அது கூட்டியாக வேண்டும். 2500-ல் சென்சார் வழியே 8 கிராம் வரும்போதும் விரிசல் விடுவது ஏறக்குறைய அதே 0.5தான். இப்போது அது 6 சதவீதம். இதற்கு நேர்மாறாக, ஐடிலில் டிரிம் சாதாரணமாக இருந்து வேகமும் சுமையும் ஏற ஏற அதுவும் ஏறினால் லீக்கைத் தேடவே வேண்டாம். பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய மாஃப் சென்சார் ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டு நிலையிலும் டிரிம் ±5-க்குள் நின்று, மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் போவது) எண்ணிக்கையும் ஏறாமல் நடுக்கம் மட்டும் இருந்தால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டைச் சோதிக்க வேண்டும். பி0171 என்ற கோடு (ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்) வந்தாலே வேக்கம் லீக் என்று முடிவு கட்டுகிறார்கள். 'கலவையில் பெட்ரோல் குறைவு' என்பதற்கு மேல் அந்தக் கோடு எதுவும் சொல்லவில்லை. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலும் அதே கோடு வரும்.

மேலே சொன்னதெல்லாம் மாஃப் சென்சார் உள்ள எஞ்சினுக்கு. நம் சாலைகளில் ஓடும் சின்னப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை, மாருதி சுசுகியின் கே சீரிஸ் எஞ்சின்கள் உட்பட, மேப் சென்சாரை நம்பியவை. பலர் வழுக்கி விழுவது இங்கேதான். மேப் சென்சார் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கிறது. லீக் வழியாக வந்த காற்றும் அந்த அழுத்தத்தில் சேர்ந்துவிடுவதால் ஈசியூ அதற்கும் சரியாகப் பெட்ரோல் ஊற்றிவிடுகிறது. டிரிம் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். கோடு வந்தால் பெரும்பாலும் பி0507, அதாவது ஐடில் வேகம் எதிர்பார்த்ததைவிட அதிகம். இந்த எஞ்சின்களில் மேப் அளவைப் பாருங்கள். கடல் மட்ட ஊர்களில் சூடான எஞ்சின் ஐடிலில் சுமார் 30 முதல் 40 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். 50-ஐத் தொட்டால் சந்தேகப்படலாம். கூடவே திராட்டில் (காற்றை உள்ளே விடும் கதவு) திறப்பு வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. வெளியிலிருந்து காற்று வருவதால் ஈசியூ தன் கதவைச் சாத்திக்கொள்கிறது. லீக் ஒரு சிலிண்டரின் வாயிலில், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கீழ் ஓ-ரிங்கில் (ரப்பர் வளையத்தில்) இருந்தால் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல் போதாது. சராசரி எண்கள் நன்றாக இருக்க, எஞ்சின் மட்டும் குலுங்கும்.

மேனிஃபோல்டின் உறிஞ்சும் வலிமையை முள்ளால் காட்டும் வேக்கம் கேஜ் பழைய கருவிதான், ஆனாலும் தள்ளிவிட முடியாது. ஸ்கேனருக்கு வழியில்லாத கார்புரேட்டர் வண்டிகளில் அதுவே கண். நல்ல எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 பாதரச இஞ்ச் வரை அசையாமல் காட்டும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு இஞ்ச் குறையும். ஊட்டியில் 12 காட்டினால் பதற வேண்டாம், சென்னையில் 12 காட்டினால் காரணம் தேடுங்கள். முள் ஒரே இடத்தில் தாழ்வாக நின்றால் லீக்காகவும் இருக்கலாம், டைமிங் தாமதமாகவும் இருக்கலாம். கேஜ் தனியாக அதைப் பிரித்துச் சொல்லாது. மலிவான கேஜ்களில் நாளடைவில் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் இணைப்பதற்கு முன் அதைக் கவனியுங்கள்.

கார்ப் கிளீனர் (கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்துப் பார்க்கும் முறை அதன் தகுதிக்கு மீறிய புகழ் பெற்றிருக்கிறது. அடித்த திரவம் வழிந்தும் ஆவியாகியும் ஃபேன் காற்றில் பறந்தும் வேறு இடத்தில் நுழைகிறது. ஆர்பிஎம் மாறியதும் தவறான கேஸ்கெட்டைக் கழற்றுகிறார்கள். சூடான எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும் திரவம் என்பதையும் மறக்கக் கூடாது. மேனிஃபோல்டு இணைப்பில் சந்தேகம் என்றால் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரே போதும். லீக் உள்ள இடத்தில் தண்ணீர் ஒரு கணம் அடைத்ததும் எஞ்சினின் சத்தம் மாறும். பற்றவைக்கும் காயில் பக்கம் மட்டும் அடிக்காதீர்கள்.

புகை மெஷின்தான் இந்தக் கூட்டத்தில் உண்மையிலேயே பணத்துக்கு மதிப்புள்ளது. பேபி ஆயிலைக் குளோ பிளக்கில் சுட்டுப் புகையாக்கி, மெல்லிய அழுத்தத்தில் மேனிஃபோல்டுக்குள் அனுப்புகிறது. எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். ஏர் ஃபில்டர் பக்கத்து வாயை அடைத்துவிட்டு பிரேக் பூஸ்டர் (எஞ்சினின் உறிஞ்சலால் பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பகுதி) ஹோஸ் வரும் போர்ட்டில் இணைத்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் காத்திருந்து, இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். அழுத்தம் அரை பிஎஸ்ஐ, மிஞ்சினால் ஒன்று. அதற்கு மேல் போனால் கிராங்க் ஆயில் சீலுக்கே ஆபத்து. வீட்டில் செய்த மெஷின் என்றால் காற்றுக் குழாயில் ஒரு கிளை எடுத்து, அதன் முனையைத் தண்ணீருக்குள் 35 சென்டிமீட்டர் ஆழத்தில் அமிழ்த்துங்கள். அரை பிஎஸ்ஐ தாண்டியதும் குமிழியாக வெளியேறிவிடும். ரெகுலேட்டர் இல்லாத கம்ப்ரஸரை நேராகச் செருகுவது வேண்டவே வேண்டாம். பெட்ரோல் டேங்க் பக்கத்துக் குழாய்களில் காற்றோடு கலந்த புகையை அனுப்பவும் கூடாது. பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்துக்கு நைட்ரஜன் போன்ற மந்த வாயுதான் ஏற்றது.

சைலன்சரில் புகை வந்தால் பயப்பட வேண்டாம். ஏதோ ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வுகளும் சற்றுத் திறந்த நிலையில் நின்றிருக்கும். ஆயில் மூடியிலோ டிப்ஸ்டிக் ஓரத்திலோ வந்தால் அந்த ரப்பர் வளையம் போய்விட்டது. மாஃப் எஞ்சினில் அதுவும் லீக்தான்.

ஆனால் புகை காட்டாத லீக்குகள் இருக்கின்றன. டேங்கின் பெட்ரோல் ஆவியைச் சேமிக்கும் கேனிஸ்டரிலிருந்து எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் புகை கேனிஸ்டர் வரை உள்ளேயே போய்விடும், வெளியே எதுவும் தெரியாது. ஐடிலில் அந்த வால்வின் கேனிஸ்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி விரல் வைத்துப் பாருங்கள், தொடர்ந்து உறிஞ்சினால் வால்வை மாற்ற வேண்டும். பூஸ்டர் டயாஃப்ரம் (உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு) கிழிசல் பெடலை மிதித்தால் மட்டுமே திறக்கும். ஐடிலில் பெடலை மிதித்துப் பிடிக்கும்போது 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்து எஞ்சின் தடுமாறினால் அதுதான். ஏர் இன்டேக் குழாயின் மடிப்புக்கு அடியில் உள்ள விரிசல், எஞ்சின் சாயும்போதுதான் வாய் திறக்கும். கையால் மடிப்புகளை விரித்துப் பார்த்தால் தவிர அகப்படாது.

சிஎன்ஜி கிட் போட்ட வண்டிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். சீக்வென்ஷியல் கிட்டுக்காக மேனிஃபோல்டில் துளையிட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் நாசில் திருகியிருப்பார்கள். வேக்கம் லைனில் டி-இணைப்பும் இருக்கும். அந்தத் திருகுகளும் டி-யும்தான் முதல் குற்றவாளிகள். நிறுத்தியே வைக்கும் வண்டிகளில் எலி கடித்த ஹோஸ் அடுத்தது.

மாற்றும் ஹோஸில் கஞ்சத்தனம் வேண்டாம். எஞ்சினின் அடிப்பகுதி ஆவியை மறுபடி மேனிஃபோல்டுக்கு அனுப்பும் பிசிவி லைனில் ஆயில் ஆவி ஓடுகிறது. அங்கே வண்ண வண்ண சிலிக்கான் ஹோஸ் போட்டால் ஊறிப் பருத்து கிளிப்பிலிருந்து நழுவும். ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர் போடுங்கள். பூஸ்டருக்கு வேக்கம் தாங்கும் தடித்த ஹோஸ் மட்டுமே. சாதாரணக் குழாய் உள்ளே ஒடுங்கினால் பிரேக் கல்லாகிவிடும். மேனிஃபோல்டு கேஸ்கெட் வார்ப்பு ரப்பர் என்றால் மேலே சிலிக்கான் பேஸ்ட் பூசாதீர்கள், அது வளையத்தை வழுக்கச் செய்துவிடும். போல்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றில், கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முடுக்குங்கள்.

முடித்ததும் ஸ்கேனரால் கோடுகளையும் பழைய டிரிம்மையும் அழித்து, ஏசி போட்டும் போடாமலும் சிறிது நேரம் ஐடிலில் விட்டு, பிறகு ஒரு ஓட்டம் ஓட்டுங்கள். மாஃப் எஞ்சினில் இரண்டு டிரிம்களின் கூட்டு ஐடிலிலும் 2500-லும் ஏறக்குறைய ஒன்றாக நிற்க வேண்டும். +25 என்பது +12-க்கு மட்டும் இறங்கியிருந்தால் இன்னொரு ஓட்டை மீதமிருக்கிறது. புகை மெஷினை மறுபடி மாட்டுங்கள்.