ஜிரோவா, எல் புல்லியா?

உணவு பற்றிய ஆவணப்படம் தேடுவோர் பலர் டேவிட் கெல்ப் இயக்கிய ‘ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சுஷி’, கெரியோன் வெட்செல் இயக்கிய ‘எல் புல்லி: குக்கிங் இன் ப்ராக்ரஸ்’ ஆகிய இரண்டில் எதைப் பார்ப்பது என்று தயங்குகிறார்கள்.

களம்: சுஷி (சோற்றோடு மீன் சேர்த்த ஜப்பானிய உணவு) சமையற்கலைஞர் ஜிரோ ஓனோவின் கடை டோக்கியோவின் கின்சா பகுதியில் உள்ளது, பத்தே இருக்கைகள். சமையற்கலைஞர் ஃபெரான் அட்ரியாவின் எல் புல்லி உணவகம் ஸ்பெயினின் கட்டலோனியக் கடற்கரையில், ரோசஸ் நகருக்கு அருகே இருந்தது. 2011 ஜூலையில் மூடப்பட்டது.

புதுமை: ஜிரோவின் உணவகத்தில் மாற்றங்கள் மிக நுணுக்கமானவை; ஆக்டோபஸ் மென்மையாவதற்கு அதை 40 முதல் 50 நிமிடம் வரை கையால் பிசைகிறார்கள். எல் புல்லியோ ஆண்டில் பாதி நாள் உணவகத்தை மூடிவிட்டு, பார்சிலோனா ஆய்வுக்கூடத்தில் ஒரே பொருளைப் பலவிதமாகப் பக்குவப்படுத்தி, சுவைத்து, படமெடுத்துக் குறித்துவைத்து, அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிட்டு, எஞ்சியவற்றிலிருந்தே புதிய பருவத்தின் உணவு வரிசையை உருவாக்கியது. தோல்வியுற்ற சோதனைகளையும் இவ்வளவு பொறுமையாகக் காட்டும் படம் அரிது. அதற்காகவே இதை மிகவும் மதிக்கிறேன்.

எளிமை: ஜிரோ ஏறத்தாழ 80 நிமிடம், தந்தை மகன் உறவு நம்மை ஈர்த்துவிடும். எல் புல்லி 108 நிமிடம்; விளக்கும் குரலே இல்லை.

குடும்பத்தோடு பார்க்கவும், கைத்தொழிலின் ஒழுக்கத்தை உணரவும் ஜிரோ ஏற்றது. சமையற்கலை மாணவர்களும், ஒரு புதிய உணவு எவ்வாறு பிறக்கிறது என்று அறிய விரும்புவோரும் எல் புல்லியையே தேர்ந்தெடுக்கலாம்.