நாளுக்கு மூன்றா, ஒன்றா? தைராய்டு படபடப்புக்கு நான் எடுத்த இரண்டு மாத்திரைகள்

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 118. டீ டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கும். பரிசோதனையில் தைராய்டு அதிகம் என்று வந்ததும் மருத்துவர் ஹார்மோன் உற்பத்தியைக் குறைக்கும் கார்பிமசோல் எழுதினார். சுரப்பியில் ஏற்கெனவே சேர்ந்த ஹார்மோன் தீர வேண்டும் என்பதால், அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதுவரை படபடப்பை அடக்க பீட்டா பிளாக்கர். இது ஹார்மோனைக் குறைக்காது. ஹார்மோன் இதயத்தை விரட்டுவதைத்தான் தடுக்கும்.

முதலில் புரோப்ரனலால் 20 மி.கி., நாளுக்கு மூன்று வேளை. நடுக்கத்துக்கு இதுதான் கெட்டிக்கார மாத்திரை, அதை மறைக்க மாட்டேன். அதிக அளவில் எடுத்தால், டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அதைவிட வீரியமான டி3-ஆக மாறுவதையும் ஓரளவு குறைக்கும் என்பார்கள். என் சிறிய அளவுக்கு அது பெரிய விஷயமில்லை.

ஆனால் எனக்குக் கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மாத்திரையின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். இரவு ஷிப்ட் வாரத்தில் மதிய வேளை என்பது எனக்கு நடுத்தூக்கம். தவறவிட்டால் மாலையில் நெஞ்சு அடிக்கிற சத்தத்திலேயே விழிப்பு வரும். ஒருநாள் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகையில், தென்பெண்ணைப் பாலம் தாண்டும்போதுதான் மதிய மாத்திரை வீட்டிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. அன்று முழுக்கப் பயத்திலேயே கழிந்தது.

மருத்துவரிடம் சொன்னேன். இன்னொரு பீட்டா பிளாக்கரான அடினலால் 50 மி.கி. ஆக மாற்றினார், காலையில் ஒன்று மட்டும். பல் துலக்கியதும் போட்டுவிடுவேன். எந்த ஷிப்டாக இருந்தாலும் சரி. நாடி 80-க்கு வந்தது. மூளைக்குள் அதிகம் போகாத மருந்து என்பதாலோ என்னவோ, முன்பு வந்த கெட்ட கனவுகளும் நின்றன. விரல் நடுக்கம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எழுத்து வேலையோ தையலோ செய்பவருக்கு இது பெரிய குறையாகப் படலாம். நீண்ட நேரம் வேலை செய்யும் புரோப்ரனலாலும் கிடைக்கிறது. நான் எடுத்துப் பார்க்கவில்லை.

ஆஸ்துமா இருந்தால் புரோப்ரனலால் கூடாது. அடினலாலுக்கும் எச்சரிக்கை தேவை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அடினலாலின் அளவைக் குறைப்பார்கள், கர்ப்ப காலத்தில் பொதுவாகத் தவிர்ப்பார்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்: சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இரண்டுமே மறைத்துவிடும்.

எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. எனக்கு ஹார்மோன் அளவு இறங்கியபின் அடினலாலை 25 மி.கி. ஆக்கி, அப்புறம்தான் நிறுத்தச் சொன்னார்கள். கார்பிமசோல் இன்னும் தொடர்கிறது.