போஸ்ட் கேப்போடு கழன்று வந்தால், எக்ஸ்ரே எடுக்காமல் திரும்ப ஒட்ட விடாதீர்கள்

ரூட் கேனல் செய்த பல்லின் வேருக்குள் போஸ்ட் என்ற சிறு தண்டை வைக்கவேண்டும் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா? வைத்த போஸ்ட் கேப்போடு சேர்ந்து கழன்று வந்துவிட்டதா? அப்படியானால் அடுத்த முறை மருத்துவரிடம் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் எனக்கு நடந்தது இது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

மேல்வரிசையில் கோரைப் பல்லை அடுத்த முன்கடைவாய்ப் பல். சொத்தை நரம்புவரை போயிருந்ததால் ரூட் கேனல் செய்தார்கள். அந்தச் சிகிச்சையில் எனக்குக் குறையில்லை, வலி நின்றது. பிறகுதான், "நரம்பு எடுத்த பல் பலவீனமாகிவிடும், உள்ளே ஃபைபர் போஸ்ட் ஒட்டினால்தான் உறுதிப்படும்" என்றார் மருத்துவர். உலோகமில்லாத அந்த இழைத் தண்டுக்குத் தனிக் கட்டணம்.

போஸ்ட் வேரை உறுதிப்படுத்துவதில்லை. மேற்பகுதி பெருமளவு போய்விட்ட பல்லில், கேப்பைத் தாங்கும்படி கட்டும் நிரப்புப் பொருளுக்குப் பிடிமானம் தருவது மட்டுமே அதன் வேலை. அதை இறக்குவதற்காக வேரின் உட்சுவரைக் கூடுதலாகக் குடைந்தால், பல் இன்னும் மெலியத்தான் செய்யும். பெரிய கடைவாய்ப் பற்களில் நடுவிலுள்ள அறையே பெரும்பாலும் போதிய பிடிமானம் தந்துவிடும், போஸ்ட் தேவைப்படாது. என் பல்லில் பாதிக்கு மேல் போயிருந்தது, அதனால் போஸ்ட் வைத்தது சரிதான் என்று பின்னர் பார்த்த நிபுணரும் சொன்னார். நான் குற்றம் சொல்வது வைத்த விதத்தை.

ஒட்டிய அன்று, எச்சில் படாமல் பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் போடவில்லை. கன்னத்தோரம் பஞ்சுருளைகளைச் செருகிவிட்டு வேருக்குள் துளையிட்டார்கள். துளையிட்டு முடித்ததும் எழுந்து வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள். திரும்பச் சாய்ந்தவுடன் போஸ்டின்மேல் பசையைத் தடவிச் செருகி, பசையை இறுக்கும் நீல விளக்கைக் காட்டி முடித்துவிட்டார்கள். பல்லில் ஒட்டப்போகும் இடம் முழுவதும் எச்சில் பட்டிருக்கும் என்று அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை.

சில மாதங்களில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேப், அதற்குள்ளிருந்த நிரப்பு, போஸ்ட் எல்லாம் ஒரே துண்டாகக் கழன்று வந்தன. போஸ்டைச் சுற்றி ஒட்டுப் பசையான சிமெண்ட் அப்படியே இருந்தது. பல்லுக்குள் துளை மட்டும் சுத்தமாகத் தெரிந்தது. "கடினமாக எதையோ கடித்திருப்பீர்கள்" என்று என்மேல் பழியைப் போட்டார்கள். எக்ஸ்ரே கிடையாது, உள்ளே சுத்தம் செய்வதும் கிடையாது. சில நிமிடங்களில் அதையே திரும்ப ஒட்டிக் கட்டணமும் வாங்கினார்கள். அது மறுபடி கழன்றபோது அங்கே வேறொரு மருத்துவர், "இது அசையவே அசையாது" என்று சொல்லிப் புதிதாக ஒன்றைத் திருகி இறக்கினார். திருகும்போதே வேர் பிளப்பதுபோல் அழுத்தியது. சொன்னேன், "சரியாகிவிடும்" என்றார். ரசீதில் எழுதியிருந்தது ஃபைபர் போஸ்ட்.

பிறகு அந்தப் பல்லின் ஈறில் சிறு கொப்புளம் வந்து சீழ் கசிந்தது. மாத்திரை தந்து அனுப்பினார்கள். குறையும், மறுபடி வரும். கடைசியில் வேர் சிகிச்சையில் மேற்படிப்பு முடித்த ஒரு நிபுணரிடம் போனேன். அவர் எடுத்த எக்ஸ்ரேயில் என் பல்லுக்குள் மரை போட்ட உலோகத் திருகு பளிச்சென்று வெள்ளையாக நின்றது. ஃபைபர் போஸ்ட் அவ்வளவு பளிச்சென்று தெரியாது, மங்கலாகத்தான் தெரியும் என்று இன்னொரு எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். திருகின் நுனிக்கும் கீழேயிருந்த வேர் நிரப்புக்கும் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி. ஈறைச் சுற்றி அளவுகோலை வைத்துப் பார்த்தார். மற்ற இடங்களிலெல்லாம் மேலேயே நின்ற கோல் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆழமாக இறங்கியது. வேர் நெடுக்காக விரிசல் விட்டிருந்தது. அப்படி விரிந்த ஒற்றை வேர்ப் பல்லைக் காப்பாற்ற வழியில்லை. பிடுங்கினார்கள்.

எனக்கு ஆறாதது இதுதான். பல்லின் உட்பொருளான டென்டினின் விறைப்பு சுமார் 18 கிகாபாஸ்கல். துருப்பிடிக்காத எஃகுக்கு அது 200 அளவில், டைட்டானியத்துக்கு 110 அளவில். கடிக்கிற விசையில் பல் சற்று வளைந்தாலும் உலோகம் வளையாது. விசை வேர்ச்சுவரில் போய்க் குவியும். மரை போட்ட திருகு என்றால் இறங்கும்போதே சுவரை நெருக்கும். ஃபைபரின் விறைப்பு டென்டினை ஒட்டியது. அதனால் அது தோற்றாலும் பெரும்பாலும் ஒட்டுதான் விட்டுப்போகும், வேர் பிழைத்துக்கொள்ளும். முதல் முறை கழன்றபோது என் வேர் முழுசாக இருந்தது. அன்றைக்கே காரணத்தைத் தேடியிருந்தால் அந்தப் பல் இன்றும் என் வாயில் இருந்திருக்கும்.

காரணம் என்னவாக இருந்திருக்கும் என்று அந்த நிபுணர் பொறுமையாக விளக்கினார். சிமெண்ட் போஸ்டோடு வந்து பல்லில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், சிமெண்ட் பல்லைப் பிடிக்கவே இல்லை என்று பொருள். வேர்ச்சுவரில் பழைய நிரப்பான கட்டா பெர்ச்சாவின் மிச்சம் ஒட்டியிருந்தால் பிடிக்காது. கிருமி நீக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டை நன்றாகக் கழுவி எடுக்காவிட்டால் ரெசின் சிமெண்ட் சரியாக இறுகாது. வேரை அடைத்த பசையில் கிராம்பெண்ணெய்ச் சத்தான யூஜெனால் இருந்தால் அதுவும் இறுகலைக் கெடுக்கும். எச்சிலோ இரத்தமோ பட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். துளையைக் காகித முனைகளால் உலர்த்தி, சிமெண்டை மெல்லிய நீண்ட முனையால் அடியிலிருந்து மேலே நிரப்பவேண்டும்; போஸ்டில் மட்டும் தடவிச் செருகினால் காற்றுக்குமிழ்கள் தங்கிவிடும். விளக்கின் ஒளி ஆழத்துக்கு எட்டாது என்பதால், ஒளியில்லாமலும் தானாக இறுகும் இருவழிச் சிமெண்ட் வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தாலும், கேப் கவ்விக்கொள்ள ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் நல்ல பல் இல்லையென்றால் நிலைக்காது. வேரின் நுனியில் நான்கைந்து மில்லிமீட்டர் நிரப்பையும் தொடாமல் விடவேண்டும்.

ஆகவே ஒப்புக்கொள்ளும் முன் கேளுங்கள்: போஸ்ட் எதற்கு, எந்தப் பொருளில் ஆனது, ரப்பர் டேம் போடுவீர்களா, ஒட்டிய பின் எக்ஸ்ரே எடுத்து என்னிடம் காட்டுவீர்களா? இதைக் கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ரசீதில் போஸ்டின் வகையை எழுதச் சொல்லுங்கள், எக்ஸ்ரே பிரதியைக் கையோடு வாங்குங்கள். என்னிடம் ஃபைபர் என்று எழுதிய ரசீதும் உலோகத்தைக் காட்டும் எக்ஸ்ரேயும் இருப்பதால்தான் என்னால் வாதாட முடிகிறது. பாதிப் பணத்தைத் திருப்பித் தருகிறோம், இனிப் புகார் இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரவேண்டும். மருத்துவரின் நடத்தை பற்றி மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலிலும் முறையிடலாம்.

இப்போது யாருக்காவது போஸ்ட் கழன்று வந்திருந்தால் கடையில் விற்கும் பசையால் நீங்களே ஒட்டிவிடாதீர்கள். கழன்றதைத் தூக்கி எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, ஓரிரு நாட்களுக்குள் மருத்துவரிடம் போங்கள். திறந்து கிடக்கும் வேருக்குள் எச்சில் இறங்கிக்கொண்டே இருந்தால் ரூட் கேனலையே திரும்பச் செய்யவேண்டி வரும். போனதும் முதலில் எக்ஸ்ரே, ஈறின் ஆழம், விரிசல் உண்டா என்ற சோதனை. ஒட்டுவது அதற்குப் பிறகுதான்.