சங்கத்துத் தண்ணீர்: ஏழெட்டு வருடம் குடித்த பிறகு

கந்தளாய்க் குளம் எங்களுக்குத் தூரமில்லை. திருகோணமலை நகரம் குடிப்பது அந்தக் குளத்துத் தண்ணீரைத்தான். ஆனால் நீர் வழங்கல் சபையின் பெரிய பைப் எங்கள் பக்கம் திரும்பவில்லை. தம்பலகாமத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊருக்கு ஊர்ச் சங்கம்தான் தண்ணீர் தருகிறது. குளக்கட்டுக்குக் கீழே ஒரு பொதுக்கிணறு, ஒரு மோட்டர், உயரத்தில் 20,000 லீற்றர் தாங்கி, வீட்டுக்கு வீடு மானி. அவ்வளவுதான் முழுத் திட்டமும். இணைப்பு எடுக்கலாமா, குடிக்கலாமா என்று புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ருசி. எங்கள் காணிக் கிணற்றுத் தண்ணீர் கல்சியம் கூடினது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை கட்டும், சவர்க்காரம் நுரைக்காது, பருப்பு வேக நேரமெடுக்கும். சங்கத் தண்ணீரிலும் படை பிடிக்கிறது, ஆனால் மெல்லிசாக. தேத்தண்ணியின் நிறமே மாறிவிட்டது. குளத்திலிருந்து கசியும் நீர் அந்தக் கிணற்றை எப்போதும் நிரப்பிக்கொண்டிருப்பதால் பாறையின் உப்புக்கள் அதில் அதிகம் தேங்குவதில்லை. இடத்தை அங்கே தெரிவு செய்தவர்களுக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்.

ருசியை விட எனக்கு முக்கியம் புளோரைட். உலர் வலயத்தில் ஆழமான குழாய்க்கிணறு அடித்தால் தண்ணீர் கண்ணாடிபோல வரும், ஆனால் புளோரைட் இருப்பது கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. பிள்ளைகளின் பல்லில் மஞ்சளாக, கபிலமாகக் கறை விழும்போதுதான் தெரியும். உலக சுகாதார அமைப்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரை விடுகிறது, இலங்கைத் தரம் 1 மில்லிகிராமோடு நிறுத்திவிடுகிறது. இந்த வெயிலில் நாங்கள் குடிக்கும் தண்ணீரின் அளவை நினைத்தால் அது சரிதான். கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். கிருமி சாகும், புளோரைட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

அடுத்தது எல்லோரும் முறையிடும் விஷயம், குளோரின் மணம். மோட்டர் பார்க்கும் தம்பியிடம் பக்கத்து வீட்டு ராத்தா ஒருநாள், "இண்டைக்கு என்ன தம்பி, ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது?" என்று சண்டைக்குப் போனா. அவர் சிரித்துக்கொண்டு ராத்தாவின் பைப்பிலிருந்தே சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு மாத்திரையைப் போட்டுக் குலுக்கிக் காட்டினார். இளஞ்சிவப்பு வந்தது. "நிறம் வராட்டித்தான் ராத்தா நீங்க பயப்பட வேணும்." ஊர்க்கோடி வீட்டுப் பைப்பிலும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். இருந்தால்தான் வழியில் ஏதாவது புகுந்தாலும் அது சாகும்.

கணக்கு பெரிதாக ஒன்றுமில்லை. தாங்கி நிறைந்திருக்கிறது, லீற்றருக்கு 2 மில்லிகிராம் போட வேண்டும் என்றால் 40 கிராம் குளோரின் தேவை. ரீ.சீ.எல். என்கிற வெளிற்றும் பவுடரில் குளோரின் 30 வீதம்தான் என்றால் 130 கிராமுக்குக் கொஞ்சம் மேலே நிறுக்க வேண்டும். போட்டபின் அரை மணித்தியாலமாவது விட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். சிக்கல் எங்கே என்றால், அந்தப் பவுடர் வாளி மூடி சரியாக மூடாமல் வெக்கையில் கிடந்தால் வீரியம் இறங்கிவிடும். நிறை சரியாக இருக்கும், வேலை செய்யாது. அதனால்தான் நிறுப்பதோடு நிற்காமல் பைப்பில் பார்க்கவும் வேண்டியிருக்கிறது. பம்ப் அறைச் சுவரில் தொங்கும் கொப்பியில் தினமும் அந்த அளவு எழுதப்படுகிறது. போகும்போது எட்டிப் பார்ப்பேன். சில கிழமைகளில் ஒரே கையெழுத்தில், ஒரே பேனையில், ஏழு நாளும் ஒரே எண் இருக்கும். அந்தக் கிழமைகளில் எனக்குச் சந்தேகம்தான்.

தண்ணீர் வரும் நேரம் காலையும் மாலையும். கோடையில், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், மாலைத் தண்ணீர் மெலிந்துவிடும். அதற்குக் கிணறு மட்டும் காரணமில்லை. சில வீடுகளில் மானிக்குப் பக்கத்தில் மோட்டரைப் பொருத்தி நேரே லைனிலிருந்து இழுக்கிறார்கள். மற்றவர்களுக்குத் தண்ணீர் குறைவது ஒரு பக்கம். பைப்பின் உள்ளே அழுத்தம் இறங்கும்போது எங்காவது ஒரு சின்னக் கசிவு இருந்தால் வெளியே தேங்கிய வாய்க்கால் தண்ணீரை அது உள்ளே உறிஞ்சிவிடும். சங்கத்தில் இதைப் பலமுறை சொல்லியாயிற்று. பிடிபட்டால் இணைப்பை வெட்டலாம் என்று விதி இருக்கிறது, வெட்டியதை நான் காணவில்லை. எல்லோரும் சொந்தக்காரர், யார் போய் வெட்டுவது? இந்தத் திட்டத்தில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்.

அதோடு ஒரு நடைமுறை விஷயம். குடிக்கிற தண்ணீரைக் கூரைக்கு மேலேயிருக்கும் பிளாஸ்ரிக் தாங்கியிலிருந்து எடுக்காதீர்கள். வெயிலில் கிடக்கும் தாங்கியில் குளோரின் இல்லாமல் போய்விடும், அடியில் சேறும் சேரும். லைனிலிருந்து நேரே ஒரு பைப் குசினிக்கு எடுத்துவிடுங்கள். தண்ணீர் திறந்ததும் முதலில் வருவதைப் பூமரத்துக்கு ஊற்றிவிட்டு, தெளிந்த பிறகு மூடியுள்ள பானையில் பிடியுங்கள்.

காசுக் கதைக்கு வருவோம். மாத பில் நிலையான கட்டணமும் பாவித்த யூனிட்டுக்கான காசும் சேர்ந்தது. எங்கள் வீட்டுக்கு அது கடையில் வாங்கும் பெரிய போத்தல் தண்ணீர் இரண்டு மூன்றின் விலைக்குள் அடங்கிவிடுகிறது. சங்கத்தின் செலவில் பெரும்பகுதி கரண்ட் பில். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது நடுச்சாமத்தில் கரண்ட் வந்தால் நடுச்சாமத்தில்தான் தாங்கி நிறையும். அதைச் சமாளித்தோம். அந்த ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, அடுத்த பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். யூனிட் விலையைக் கூட்டுவதா என்று நடந்த பொதுக்கூட்டம் பாடசாலை மண்டபத்தில் இருட்டும்வரை இழுபட்டது. கூட்ட வேண்டும் என்றுதான் நானும் கை உயர்த்தினேன். காசு இறுகினால் முதலில் நிற்பது மோட்டர் இல்லை, மோட்டர் நின்றால் ஊரே கத்தும். சத்தமில்லாமல் நிற்பது குளோரினும் தாங்கி கழுவுவதும்தான்.

மாரியில் கதை வேறு. வாடைக்காற்றோடு மழை கொட்டினால் கிணற்று நீர் கலங்கும். கலங்கல் தண்ணீர் குளோரினைத் தின்றுவிடும், வழமையான அளவு போதாது. வெள்ளம் கிணற்றுக் கட்டைத் தாண்டிய வருடம் இறைத்து, கூடுதலாகக் குளோரின் போட்டு, பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து மாதிரி எடுத்துப் போய் முடிவு வரும்வரை கொதித்தாறிய தண்ணீர்தான் குடித்தோம். அந்த நாட்களில் ஒலிபெருக்கியில் கோயிலிலும் பள்ளிவாசலிலும் அறிவித்தது நல்ல வேலை.

இப்போது சந்தியில் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி வடித்த தண்ணீர், கிடைக்கிறது. கல்சியம், புளோரைட் இரண்டையும் அது நன்றாகவே எடுக்கிறது, சிறுநீரக நோய்ப் பயம் உள்ள ஊர்களில் அதன் தேவையை மறுக்க முடியாது. ஆனால் அதில் குளோரின் மிச்சமில்லை. கழுவாத கேனில் வாங்கி மூன்று நாள் வைத்துக் குடித்தால் என்ன பாதுகாப்பு? எங்கள் பொதுக்கிணற்றின் புளோரைட் அளவு தரத்துக்குள் இருக்கும்வரை நான் கேனுக்குப் போகப் போவதில்லை.

இணைப்பு எடுக்க வருகிறவர்கள் மூன்று விஷயம் கேளுங்கள்: கடைசியாக வந்த ஆய்வுகூட அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள், அதில் கிருமி மட்டுமா, புளோரைட்டும் இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் வீடு லைனின் எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். கடைசிப் பக்கம் என்றால், ஒரு மாலை அந்த வீட்டுக்காரர் யாரிடமாவது போய்ப் பைப்பைத் திறந்து பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்.